குழந்தையின் கதவில் தமிழில் ஒரு பெயர்

தலைநகரில் வளரும் நம் குழந்தைகள் ஒரு நாளில் எத்தனை வகை எழுத்துகளைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? வீட்டை விட்டு இறங்கினால் சாலைப் பெயர்ப் பலகைகளிலேயே நான்கு வகை: இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது. பள்ளிப் பேருந்தின் பக்கவாட்டில், பாடப் புத்தகத்தில், பிஸ்கட் உறையில், மெட்ரோ நிலையத்தில் எல்லாம் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எங்கே? ரூபாய் நோட்டைத் திருப்பினால், பதினைந்து மொழிகளை அடுக்கியிருக்கும் சின்னக் கட்டத்தில் ஒரு வரி. மலை மந்திருக்குப் போகும் நாளில் அங்கே சில வரிகள். சங்கத்து விழாவுக்குப் போனால் மேடைப் பதாகையில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

இதை யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ப் பலகையில் ஊர் மொழி இருப்பதுதான் முறை. மகாராஷ்டிரத்தில் 2022-ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி எல்லாக் கடைகளிலும் மராத்திப் பலகை கட்டாயம் என்றார்கள். கர்நாடகத்தில் 2024-ஆம் ஆண்டு பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். தமிழ்நாட்டிலும் கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்ற விதி பல்லாண்டுகளாக உண்டு. தெரு அந்தந்த ஊருக்குச் சொந்தம். அதில் நாம் உரிமை கொண்டாட முடியாது, கொண்டாடவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்குள்ளே இருக்கும் கதவு நம்முடையது. அதில் என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் நமக்குச் சொல்வதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கதவிலும் நாம் ஆங்கிலத்தைத்தான் தொங்கவிடுகிறோம்.

இப்போது பிள்ளைகளின் அறைக் கதவில் பெயர்ப் பலகை மாட்டுவது பரவலாகிவிட்டது. கரடி பொம்மை, ராக்கெட், பட்டாம்பூச்சி வரைந்த பலகை. நடுவே குழந்தையின் பெயர். மேலே தொங்கவிட ஒரு கயிறு. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். கணினி வழியாகப் பெயரைத் தட்டிக் கொடுத்தால் வீடு தேடி வருகிறது. நல்ல பழக்கம்தான். நிலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் நமக்கு, கதவில் ஒன்றைத் தொங்கவிடுவது புதிதும் அல்ல. நான் சொல்ல வருவது இரண்டே செய்தி. அந்தப் பலகையில் பெயர் தமிழில் இருக்கட்டும். அதைக் கடையில் வாங்காமல், குழந்தை தன் கையாலேயே எழுதட்டும்.

பெயர் படும் பாடு

ஒரு பலகைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள், நம் பிள்ளைகளின் பெயர் இங்கே என்ன பாடு படுகிறது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கயல்விழி என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். பள்ளிப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட், எச் என்று இரண்டு எழுத்துகளைப் போடுகிறோம். அதை வாசிக்கும் ஆசிரியைக்கு அது ஜகரம் போலத் தெரிகிறது. கயல்விஜி என்று கூப்பிடுகிறார். அவர் மீது பிழை இல்லை. அங்கே எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறார். இந்தியில் எழுதினாலும் தீர்வதில்லை. தேவநாகரியில் ழகரத்துக்கென்று ஒரு குறி உண்டு. ஆனால் அன்றாட இந்தி வழக்கில் அதை யாரும் எழுதுவதில்லை. குறில் எகரமும் குறில் ஒகரமும் இந்தியில் தனியே கிடையாது. ஆகவே செல்வி சேல்வியாகிறாள், பொன்னி போன்னியாகிறாள். லலிதா என்று எழுத நாம் ஆங்கிலத்தில் டி, எச் போடுகிறோம். வடக்கே அந்த எச்சைப் பார்த்ததும் மூச்சை அழுத்திச் சொல்கிறார்கள்.

குடும்பப் பெயர்த் தொல்லை இன்னொன்று. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இங்குள்ள படிவங்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சம்மதிப்பதில்லை. அப்பாவின் பெயரைக் கொண்டுபோய் அங்கே போடுகிறோம். விளைவு, வகுப்பில் ‘சுந்தரம்’ என்று கூப்பிட்டால் ஆறு வயதுப் பெண் எழுந்து நிற்க வேண்டும். அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று முதல் வாரத்தில் திரும்பிப் பார்க்காத குழந்தை உண்டா?

இந்தத் திரிபுகளோடு பிள்ளைகள் சமாதானமாகப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களே தங்கள் பெயரை அப்படித்தான் சொல்லத் தொடங்குகிறார்கள். புதியவர் யாராவது பெயரைக் கேட்டால் கயல்விழி தன்னைக் கயல்விஜி என்றே அறிமுகம் செய்துகொள்கிறாள், எதிரில் இருப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று. பெரியவர்களான நாமும் அலுவலகத்தில் அதைத்தானே செய்கிறோம்? ஆனால் நமக்குச் சரியான ஒலி எது என்பது தெரியும். அது மனத்தில் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. குழந்தைக்கு அந்த எழுத்து எங்கேயும் பதிவாகவில்லை. காதில் ஒலியாக மட்டும் இருப்பது, பத்துப் பேர் மாற்றிச் சொன்னால் மாறிவிடும். எழுதிக் கண்முன் தொங்கவிட்டது மாறாது.

நம் எழுத்திலும் எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. பாவனா என்று எழுதினால் இந்திக்காரர்கள் அழுத்திச் சொல்லும் பகரம் அதில் தெரியாது. ககரம் ஒன்றையே இடத்துக்கு ஏற்றபடி வேறுவேறாக ஒலிக்கிறோம். ஹர்ஷிதா, ஸ்ருதி என்று கிரந்த எழுத்து வரும் பெயர்களும் நம்மிடம் ஏராளம். அவற்றைத் தமிழ் முறைப்படி மாற்றி எழுதுவதா, அப்படியே எழுதுவதா என்று பலகையை முன்னால் வைத்துக்கொண்டு குடும்பத்தில் வழக்கு வேண்டாம். வீட்டில் எப்படி எழுதி வருகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். இங்கே பிறந்த குழந்தைக்கு ஹகரமும் ஷகரமும்கூடத் தமிழ்ப் பக்கத்தில் பார்த்த எழுத்துகள்தாம்.

பெயரே முதல் பாடம்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதிபாக் போன்ற இடங்களில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் நொய்டாவிலும் குருகிராமத்திலும் துவாரகாவிலும் குடியேறிவிட்ட குடும்பங்கள் எல்லாம் அங்கே பிள்ளைகளை அனுப்ப இயலுமா? விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோம். படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். மறுநாள் அந்த ‘அ’ எங்கே போகிறது? அரிசி சமையலறைக்குப் போகிறது. எழுத்து மறந்து போகிறது.

அரிச்சுவடியை முழுதாகக் கற்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் 247 எழுத்து என்ற எண்ணிக்கையே மலைக்க வைக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, இரண்டாம் மாதம் தேர்வு வந்து, மூன்றாம் மாதம் நின்றுபோகும் கதை நமக்குப் பழக்கமானதுதான்.

அதற்குப் பதிலாகப் பெயரிலிருந்து தொடங்குங்கள். ஒரு வீட்டில் யாழினி என்று ஒரு பெண், கார்த்திகேயன் என்று ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் யாழினிக்கு 7 எழுத்து, கார்த்திகேயனுக்கு 11 எழுத்து. தமிழில் முறையே 3, 7. இந்தக் கணக்கைச் சொன்னாலே, தமிழ் கடினம் என்று நினைத்திருந்த குழந்தை நிமிர்ந்து உட்காரும். இந்த இரண்டு பெயர்களோடு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்ற நான்கு சொற்களையும் வேறு வேறு கதவுகளில் எழுதித் தொங்கவிடுங்கள். ஆறே சொற்கள். அவற்றில் எத்தனை மெய்களின் வடிவம் வந்துவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: ய, ழ, ன, க, ர, த, ம, ப, ட. மொத்தம் 9. பதினெட்டில் சரிபாதி! கால், சுழி, இரட்டைக் கொம்பு, புள்ளி ஆகியவையும் இந்த ஆறு சொற்களுக்குள் கிடைத்துவிடுகின்றன. ஆறு கதவுகள் இல்லாத வீட்டில் அலமாரிக் கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பாட்டியின் கட்டில் தலைமாடு இருக்கிறது.

இதில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு நாளில் பத்து முறையாவது குழந்தை அந்தக் கதவைக் கடந்து போகிறது. தன் பெயரைப் போலக் குழந்தைக்குப் பிடித்த சொல் வேறு எது? ஒரு மாதம் கழித்து, சங்கத்து இதழின் அட்டையில் ழகரத்தைப் பார்த்து ‘இது என் பேர்ல வர எழுத்து’ என்று சொன்னால், அந்த நாளே தமிழ் வகுப்பைத் தொடங்க நல்ல நாள்.

செய்யும் முறை

பலகை செய்வதற்குப் பெரிய தச்சு வேலை தேவையில்லை. 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 4 மி.மீ. கனம் உள்ள பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். துண்டு ஒன்று போதும். கீர்த்தி நகர் மரக்கடைகளில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். அக்கம்பக்கத்தில் அலமாரி வேலை நடந்தால் தச்சரிடம் கேட்டாலும் கொடுப்பார். அறுப்பதையும் துளை போடுவதையும் பெரியவர்கள் செய்ய வேண்டும். எம்.டி.எஃப். தூள் மூக்கில் ஏறும், துணி கட்டிக்கொள்ளுங்கள். மேல் ஓரத்திலிருந்தும் பக்க ஓரத்திலிருந்தும் 2 செ.மீ. உள்ளே தள்ளி, இரு மூலையிலும் ஒவ்வொரு துளை. வண்ணம் பூசும் முன்பே துளையைப் போட்டுவிடுவது நல்லது. பூசிய பிறகு போட்டால் ஓரம் பெயர்ந்து வரும். பிறகு 120 எண் உப்புத்தாள், அதன்மேல் 220 எண் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். தேய்க்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள், நன்றாகச் செய்வார்கள். காகித அட்டையிலும் செய்யலாம், ஆனால் ஆடி, ஆவணி மழையில் ஈரம் ஏறி வளைந்துவிடும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் போதும்; விரைவில் உலரும், கையில் பட்டால் தண்ணீரில் போகும். மேல்மாடத்தில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தை தொடும் பொருளில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இனி எழுத்து. இங்கேதான் தமிழுக்கென்று சில கணக்குகள் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். நம் எழுத்து அப்படி அல்ல. புள்ளியும் சுழியும் மேலே ஏறும். குகரம், ருகரம் போன்றவற்றின் வால் கீழே இறங்கும். ஆகவே பலகையின் நடுவே 4 செ.மீ. உயரத்துக்கு எழுத்தின் உடல், மேலே 2 செ.மீ., கீழே 2 செ.மீ. என்று பென்சிலால் நான்கு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். மீதி 4 செ.மீ. இரண்டு ஓரங்களுக்கும் போகும்.

நீளத்தை அளக்கும்போது எழுத்தை எண்ணாமல், துண்டை எண்ண வேண்டும். ‘கா’ இரண்டு இடம் பிடிக்கும், ‘கே’ இரண்டு, ‘கொ’ மூன்று. கார்த்திகேயனுக்கு எழுத்து ஏழுதான், இடம் ஒன்பது. 30 செ.மீ. பலகையில் ஒவ்வோர் இடத்துக்கும் 3 செ.மீ. கொடுத்தால் நெருக்கி அடங்கும். யாழினிக்கு நான்கு இடம் போதும். எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு பூனையையும் வரையலாம். ணகரம் வரும் பெயர் என்றால் அதற்குச் சற்றுத் தாராளமாக இடம் விடுங்கள்.

எழுத்துகளைத் தனியே வெட்டி ஒட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். புள்ளி எழுத்தோடு ஒட்டியிராது; தனியாகத்தான் ஒட்ட வேண்டும். அது எளிதில் உதிர்ந்துவிடும். அருண் என்ற பெயரில் புள்ளி உதிர்ந்தால் ‘அருண’ என்றாகிவிடும். இதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ஒரு சின்னப் பொட்டு பெயரையே மாற்றிவிடுகிறது என்பதை இலக்கணப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைவிடப் பலகை ஒரு நொடியில் சொல்லிவிடும். புள்ளியை ஒட்டும் உரிமையைக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள்.

எழுதும்போது பெரியவர்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், கையெழுத்தைத் திருத்தாதீர்கள். ‘யாளினி’ என்று எழுதினால் சொல்லித் திருத்த வேண்டியதுதான். ஆனால் ழகரத்தின் வால் கோணலாகப் போனாலோ, யகரம் குண்டாகவும் னகரம் ஒல்லியாகவும் வந்தாலோ இருந்துவிட்டுப் போகட்டும். நாம் கையை வைத்து அழகாக்கிவிட்டால் அது நம் பலகை ஆகிவிடும். பிறகு அதைக் குழந்தை ஏறெடுத்தும் பார்க்காது.

கயிற்றுக்குச் சணல் 60 செ.மீ. போதும். பலகையின் எடை சுமார் 100 கிராம்தான் இருக்கும் என்பதால் ஒட்டும் கொக்கியே தாங்கும். வாடகை வீட்டில் ஆணி அடித்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை. எங்கே மாட்டுவது என்பது முக்கியம். நம் கண்ணுக்கு நேராக மாட்டினால் விருந்தாளிகள் பார்ப்பார்கள்; குழந்தை பார்க்காது. குழந்தையின் கண் உயரத்துக்கு மாட்டுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு, மணி எதுவும் வேண்டாம். பலகையை நேராகக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கடையில் வாங்கினால் என்ன?

நேரமில்லை, கடையிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லலாமே என்பார்கள். சொல்லிப் பார்க்கலாம். ஆயத்தமாக அடுக்கி வைத்திருக்கும் பலகைகளில் நம் பெயர்கள் கிடைப்பது அரிது. பெயரைத் தட்டிக் கேட்கும் இடங்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ் ஏற்றுக்கொள்ளும் இடத்திலும் ஒரு தொல்லை உண்டு. தமிழுக்கான அமைப்பு இல்லாத மென்பொருளில் நம் எழுத்தைக் கொட்டினால், இடப்பக்கம் வர வேண்டிய கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும். ‘கெ’ என்பதில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். சில சமயம் நடுவே ஒரு புள்ளி வட்டம் வேறு. வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது; அவர் திரையில் தெரிவதை அப்படியே வெட்டி அனுப்பிவிடுவார். தவறான எழுத்தை நாள்தோறும் பார்த்துப் பழகுவதைவிடப் பலகை இல்லாமலே இருக்கலாம். கடையில்தான் செய்ய வேண்டும் என்றால், பெயரைத் தாளில் எழுதிப் படமாக எடுத்துக் கொடுங்கள். அந்தத் தாளில் எழுதுவதையாவது குழந்தை செய்யட்டும்.

சில மறுப்புகள்

‘தனி அறையே இல்லை, அறைக் கதவுக்கு எங்கே போவது?’ என்பது நியாயமான கேள்வி. இரண்டு அறை அரசுக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குத் தனியறை என்பது வெறும் பேச்சு. தொங்கும் பலகைக்கு அறை வேண்டியதில்லை. புத்தக அலமாரி, படிக்கும் மேசையின் பக்கவாட்டு, பால்கனிக் கதவு எதிலும் தொங்கும். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் என்றால் ஒரே கயிற்றில் இரண்டு பலகை, ஒன்றின் கீழ் ஒன்றாக. யார் பெயர் மேலே என்ற சண்டைக்கு மாதம் ஒருமுறை மாற்றிக் கட்டினால் போதும். மாற்றல் வாங்கி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுவரில் எழுதியது அந்த வீட்டோடு போய்விடும். தொங்கவிட்டது பெட்டியில் ஏறிக் கூடவே வரும். புது ஊரில், புது வீட்டில், சாமான் பிரிக்கும் முன் அதை மாட்டிவிட்டால் குழந்தைக்கு அந்த அறை பாதி பழகிய அறையாகிவிடும்.

‘பள்ளித் தோழர்கள் வந்தால் கேலி செய்வார்கள்’ என்பது இரண்டாவது. பலகைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு முகத்தில் தமிழ். மறு முகத்தில் இந்தியோ ஆங்கிலமோ, குழந்தை விரும்பியபடி. தோழர்கள் வரும் நாளில் எந்த முகம் வெளியே இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். நாம் கட்டாயப்படுத்தினால் எழுத்தின் மீதே வெறுப்பு வரும். தலைநகரத்துப் பிள்ளைகள் நாம் நினைப்பதுபோல் அல்ல. பக்கத்து வீட்டு வங்காளிப் பையனும் பஞ்சாபிப் பெண்ணும் ‘என் பெயரையும் இதில் எழுது’ என்று கேட்டுவரும் வாய்ப்பே அதிகம். அப்போது நம் குழந்தை ஆசிரியராகிவிடும். கேலி வந்தாலும், அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும் வயதும் அதுதான்.

‘இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு இங்கும் தமிழ், தமிழ் என்பது சரியா?’ என்று நம்மவர்களே சிலர் கேட்பதுண்டு. இந்தி நன்றாகப் படிக்கட்டும். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது வேண்டும். பஞ்சாபிக் குடும்பம் தன் வீட்டில் குர்முகி எழுத்தையும், வங்காளிக் குடும்பம் தன் வீட்டில் வங்காள எழுத்தையும் வைத்திருப்பதை யாரும் தவறென்று சொன்னதில்லை. நாமாகவே ஏன் கூச்சப்பட வேண்டும்?

கடைசியாக, ‘ஒரு பலகையால் தமிழ் வந்துவிடுமா?’ என்பது. வராது. வகுப்பு வேண்டும், புத்தகம் வேண்டும், வீட்டில் தமிழில் பேசுவது எல்லாவற்றையும்விட வேண்டும். ஆனால் வாசிக்க ஆசை என்ற ஒன்று முதலில் வேண்டுமே! அதை வகுப்பு தருவதில்லை. தன் பெயர் தருகிறது.

பாட்டி வாசிக்கும் கதவு

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை நினைத்துப் பாருங்கள். ரயிலில் இறங்கியதிலிருந்து அவர்களுக்கு எதுவுமே வாசிக்க முடியாத ஊர் இது. பேருந்து எண்ணைக்கூடப் பேரனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படி வந்த பாட்டி பேத்தியின் அறைக் கதவில் கோணல் எழுத்தில் ‘யாழினி’ என்று வாசிக்க முடிந்தால், இந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று அவருக்குத் தோன்றாதா? பலகை செய்யும் நாளில் பாட்டி கூட இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் சிலர், இன்றும் ‘லை’, ‘னை’ ஆகியவற்றை யானைத் துதிக்கை போல் வளைத்துத்தான் எழுதுவார்கள். பேத்தியின் பெயர் கலைச்செல்வி என்றால், பாட்டி எழுதும் ‘லை’யும் புத்தகத்து ‘லை’யும் வேறாக இருப்பதைக் குழந்தை கண்டுபிடித்துக் கேட்கும். எழுத்துக்கும் வயதுண்டு, வரலாறுண்டு என்ற செய்தி அந்த மாலையிலேயே கிடைத்துவிடும்.

தலைப்பெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை வெளியிட்டது. குழந்தையின் பலகையில் தலைப்பெழுத்து கட்டாயம் இல்லை. ஆனால் எழுத விரும்பினால், சுந்தரத்தின் மகள் ‘சு. யாழினி’யாக இருக்கட்டும். அப்பா பெயருக்கும் தன் பெயருக்கும் எது எங்கே நிற்க வேண்டும் என்பது பள்ளிப் படிவம் குழப்பிய பிறகு இங்காவது தெளிவாகும். வீட்டுச் செல்லப் பெயரை எழுத வேண்டும் என்று குழந்தை கேட்டால் அதையும் எழுதலாம். ‘அம்மு’ என்பதும் தமிழ் எழுத்துதான்.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கங்களில் பொங்கலுக்குக் கோலப் போட்டி உண்டு, பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டு, திருக்குறள் ஒப்பித்தல் உண்டு. எல்லாம் நல்லவையே. ஒப்பிக்கும் பிள்ளைகளில் பலர் குறளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள் என்பதை நடுவர்களாக இருந்தவர்கள் அறிவார்கள். பரிசு வாங்கிய பிள்ளைக்குச் சான்றிதழில் உள்ள தன் பெயரை வாசிக்கத் தெரியவில்லை என்றால் அந்தப் பரிசுக்கு என்ன பொருள்?

ஆகவே ஒரு யோசனை. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பலகைகளை முன்கூட்டியே அறுத்துத் துளை போட்டு வைத்துவிடலாம். மொத்தமாக அறுத்தால் செலவும் குறைவு. வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பலகை, ஒரு தூரிகை, ஒரு முழம் சணல் கயிறு. தமிழ் எழுதத் தெரிந்த மூத்த உறுப்பினர்கள் மேசைக்கு ஒருவராக உட்காரட்டும். முதலில் தாளில் எழுதிப் பழகி, பிறகு பலகையில் எழுதட்டும். போட்டி வேண்டாம், முதல் பரிசு வேண்டாம். எல்லாப் பலகைகளையும் ஒரு வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, பெற்றோர் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பயனுள்ள ஒரு காலைப் பொழுது கிடைக்கும்.

சங்கம் தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் ஞாயிறன்று ஒரு துண்டுப் பலகையும் உப்புத்தாளும் வாங்கி வாருங்கள். மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பென்சிலைக் குழந்தையின் கையில் கொடுங்கள். முதல் எழுத்து எது என்று அது கேட்கும். சொல்லிக் கொடுங்கள்.